ஓட்டைக் காசுக்குக் காது குத்திய கதை

முன்னொரு காலத்திலே, மழைக்கு மாதம் தெரிந்திருந்த ஒரு நாட்டிலே, ஆசைக்கு மட்டும் நேரங்காலம் தெரியாத ஒரு ராஜா இருந்தார். பேர் சித்திரவர்மர். மனசு வெண்ணெய்தான். ஆனால் ஒன்று தோன்றிவிட்டால் பொழுது சாய்வதற்குள் அது நடந்தாக வேண்டும். மார்கழியில் மாம்பழம் கேட்பார். தவளை எந்த ராகத்தில் கத்துகிறது என்று சங்கீத வித்வானைக் கூப்பிட்டு விசாரிப்பார்.

அவர் சபையில் வேம்பன் என்று ஒரு விகடகவி. பேச்சு முதலில் கசக்கும், அப்புறம் உடம்புக்கு நல்லது செய்யும், அதனால்தான் அந்தப் பேர் என்று ஊரார் சொல்வார்கள். "அதெல்லாம் இல்லை. எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் நின்றது. எங்கள் அப்பாவுக்கு வேறு பேர் தோன்றவில்லை" என்பான் அவன்.

ஒரு நாள் காலையில் ராஜா சபைக்கு வந்து உட்கார்ந்தார். முகம் சுருங்கிக் கிடந்தது.

"வேம்பா, தலை வலிக்கிறது."

"தலையா, கிரீடமா மகாராஜா? கிரீடமென்றால் கழற்றி வைத்துவிடலாம்."

"தங்கை."

"ஐயோ. அது கழற்ற முடியாத வலி."

ராஜாவுக்கு ஒரே தங்கை, உமையாள். மலைநாட்டில் வாழ்க்கைப்பட்டவள். அப்பா இறந்தபோது வந்தவள், ஏதோ மனத்தாங்கலில் வாசலைத் தாண்டிப் போனாள். அதோடு சரி. அப்புறம் வரவே இல்லை. அங்கே அவளுக்கு ஒரு ஆண்குழந்தை பிறந்திருக்கிறது என்று கேள்வி. ராஜா இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அவளிடமிருந்துதான் அன்று ஆள் வந்திருந்தான்.

"சொன்னதைச் சொன்னபடியே இன்னொரு தடவை சொல்லப்பா" என்றார் ராஜா.

வந்தவன் கைகட்டிச் சொன்னான். "நாச்சியார் சொல்லச் சொன்னது இது. 'குழந்தைக்குக் காது குத்தப் போகிறேன். பிறந்த ஊர் அம்மன் கோயிலில் குத்துவதாக நேர்ந்துகொண்டேன், அதனால் நாளைக்கு அங்கே வருகிறேன். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அப்பா எனக்கென்று சொன்ன காசோடு வந்தால் மடி அண்ணனுடையது. இல்லாவிட்டால் மடிக்கா பஞ்சம்? பூசாரிக்கு நல்ல அகலமான மடி.'"

"கேட்டாயா வேம்பா! பூசாரி மடியாம்! தாய்மாமன் நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்போது!"

"கொடுத்துவிட வேண்டியதுதானே மகாராஜா? ஒரு காசுக்கா இத்தனை?"

"எந்தக் காசு என்று தெரிந்தால் கொடுக்கமாட்டேனா?"

ராஜா தன் பக்கத்திலிருந்த சின்னப் பித்தளைச் செம்பைக் கவிழ்த்தார். ஒரு பிடி பழைய வெள்ளிக் காசுகள் கம்பளத்தில் உருண்டன. அநேகமாக எல்லாம் அடுப்படிச் சுவர் மாதிரி கறுத்த காசுகள்.

"அப்பா போகும்போது சொன்னது ஒரே ஒரு பேச்சு. 'இந்தச் செம்பில் இருக்கிறதிலேயே விலை கூடிய காசு தங்கைக்கு. எது என்று அண்ணனுக்குத் தெரியும். மிச்சமெல்லாம் அண்ணனுக்கு.' எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கானால் ஒரு மண்ணும் தெரியவில்லை. 'எதுண்ணா?' என்று கேட்டாள். 'ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளேன்' என்றேன். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள்."

"எழுந்துதான் போனார்களா? எங்கள் வீட்டில் என் தங்கையாக இருந்தால் செம்பு என் மண்டையில் இருந்திருக்கும்."

இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பொக்கிஷக்காரர் திருமேனிநாதர். ராஜா வேம்பனிடம் சிரித்துப் பேசினால் இவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இன்னொருவர் மாசிலாமணி, நோட்டக்காரர். காசை நிறுத்து, சுண்டி, உரைகல்லில் உரசி, நல்லது கெட்டது சொல்கிற வேலைக்கு அந்தக் காலத்தில் நோட்டம் என்று பேர்.

திருமேனிநாதர் முன்னால் வந்தார். "மகாராஜா, இது விகடம் பேசித் தீர்க்கிற காரியமா? மாசிலாமணியார் நோட்டம் பார்த்துச் சொல்லட்டும்."

மாசிலாமணி தராசை எடுத்தார். ஒவ்வொரு காசாகக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இது மயில் போட்ட காசு. எடை குறையவில்லை. விளிம்பு வட்டம் குலையாமல் இருக்கிறது. எழுத்தெல்லாம் தடவினால் விரலில் தட்டுகிறது. முதல் தரம். இது யானை போட்டது. ஓரத்தில் எவனோ வெள்ளி சுரண்டியிருக்கிறான். நடுத்தரம்." இப்படியே போனார். ஒரு முகம் தேய்ந்த பூக்காசுகளே நாலைந்து வந்தன, கடைத்தரம் என்று ஒதுக்கினார். கடைசியாக ஒரு காசை எடுத்தார். உதட்டைப் பிதுக்கினார். "இது கழிசல்."

"ஏன்?" என்றார் ராஜா.

"ஓட்டை போட்டிருக்கிறது மகாராஜா. அதற்குக் கால்பங்கு கழிவு. ஒரு முகம் பூவும் கொடியுமாக இருக்கிறது, மறுமுகம் வழித்துவிட்ட அம்மி மாதிரி மொழுக்கென்று இருக்கிறது. அந்தத் தேய்மானத்துக்குப் பாதி கழிவு. ஓரத்தில் பல் குறி வேறு. கள்ளக்காசோ என்று யாரோ கடித்துப் பார்த்திருக்கிறார்கள். சந்தேகப்பட்ட காசுக்கு இன்னொரு கால்பங்கு கழிவு."

"கழிவெல்லாம் போக மிச்சம்?" என்று கேட்டான் வேம்பன்.

"ஒன்றுமில்லை."

"ஒன்றுமில்லாததை எப்படி ஐயா விரலில் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்?"

சபையில் ஒருவர் இருமலை அடக்கினார். மாசிலாமணிக்கு மூக்கு சிவந்தது. "சாஸ்திரப்படி நோட்டம் பார்த்தேன், ஐயா."

"நல்ல சாஸ்திரம். அதே சாஸ்திரத்தால் மகாராஜாவையும் ஒரு தடவை பார்த்துவிடலாமா? காதில் இரண்டு ஓட்டை. கால்பங்கு போயிற்று. தலையில் முன்பக்கம் தேய்மானம்..."

ராஜாவின் கை தானாகக் கிரீடத்துக்குப் போனது.

"...அதற்குப் பாதி. போன மாசம் கிளி கடித்த குறி மூக்கில் இன்னும் இருக்கிறது, அதற்குக் கால்பங்கு. திருமேனிநாதரே, சிம்மாசனம் காலி! யாரையாவது சீக்கிரம் உட்கார வையும்!"

ராஜா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்த வேகத்தில் கிரீடம் சரிந்து, தேய்மானமும் சபைக்குத் தெரிந்துவிட்டது.

வேம்பன் அந்த ஓட்டைக் காசை வாங்கி உள்ளங்கையில் வைத்தான். விளையாட்டு முகம் மாறியது.

"மகாராஜா, நாச்சியாருக்கு உரியது இதுதான்."

"கழிசலா?"

"மற்றதெல்லாம் கறுத்திருக்கிறது, பார்த்தீர்களா? இது மட்டும் வெளுப்பு. ஒரே செம்பு, ஒரே காற்று, இது ஏன் கறுக்கவில்லை? காலில் கிடக்கிற கொலுசு கறுக்காது. பெட்டிக்குள் கிடக்கிற கொலுசுதான் கறுக்கும். இந்தக் காசை ஒரு கை நாள் தவறாமல் தொட்டிருக்கிறது. பொக்கிஷம் நிறையப் பொன் வைத்திருந்த பெரிய மகாராஜா, ஓட்டைக் காசைத் தினமும் எடுத்துத் தடவுவானேன்?"

ராஜா யோசித்தார். உடனே திருமேனிநாதர் குரலில் சர்க்கரை தடவினார். "யோசியுங்கள் மகாராஜா. மூன்று வருஷம் கழித்துத் தங்கை வருகிறார்கள். கையில் ஓட்டைக் காசை நீட்டினால், 'அப்பன் சொத்தில் அண்ணன் எனக்குக் கொடுத்தது ஓட்டைக் காசு' என்று மலைநாடு முழுக்கச் சொல்லமாட்டார்களா? அப்புறம் பூசாரி மடிதான்."

பூசாரி மடி என்றதும் ராஜாவுக்குப் பற்றிக்கொண்டது.

"வேம்பா, நீ சொல்கிறாய், அவர் சொல்கிறார். யார் சொல்வதையும் நான் நம்பப் போவதில்லை. நாளைக்கு என் தங்கை எதிரில் அந்தக் காசே வாய் திறந்து 'நான்தான்' என்று சொல்லட்டும்!"

"காசா, மகாராஜா?"

"காசுதான்!"

"சொல்லாவிட்டால்?" என்று மெல்லக் கேட்டார் திருமேனிநாதர்.

"சொல்லாவிட்டால் வேம்பன் மூட்டை கட்டட்டும்!"

சொன்ன மறுகணமே, ஏன் சொன்னோம் என்று ராஜாவுக்கு இருந்தது. ராஜா பேச்சு ஆயிற்றே, எச்சிலை விழுங்குகிற மாதிரி விழுங்க முடியுமா? வேம்பன் கும்பிட்டான். "உத்தரவு. ஒரு காசைப் பேச வைப்பதா கஷ்டம்? காசு கண்டால் ஊரே பேசுகிறது." வீட்டுக்குப் போகும்போது அவன் நடை மட்டும் கொஞ்சம் மெதுவாக இருந்தது.

செம்பு பொக்கிஷ அறைக்குப் போயிற்று. பின்னாலேயே திருமேனிநாதரும் மாசிலாமணியும் போனார்கள்.

"மாசிலாமணி, அந்த ஓட்டையை வெள்ளி உருக்கி அடைத்துவிடு. பல் குறியை அரத்தால் ராவு. எல்லாக் காசையும் புளியும் சாம்பலும் போட்டு விளக்கு. நாளைக்கு எது எதென்று பிரம்மாவுக்கும் தெரியக் கூடாது."

மாசிலாமணி பதறினார். "பழங்காசை விளக்குவதா? வேண்டாம் ஐயா. அந்தக் கறுப்புதான் அதன் வயசுக்குச் சாட்சி. விளக்கினால் விலை போய்விடும்."

"வேம்பன் போகிறான் அல்லவா? கூடவே விலையும் போகட்டும். யாராவது கேட்டால், வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு விளக்குவதில்லையா, நாச்சியார் கைக்குப் போகிற சாமானைத் துலக்கி வைத்தோம் என்று சொல்."

மாசிலாமணி பெருமூச்சு விட்டார். பிறகு புளியைக் கரைத்தார்.

மறுநாள் அம்மன் கோயில் மண்டபத்தில் வாழைமரமும் தோரணமும் கட்டியிருந்தது. காது குத்துகிற ஆசாரி தாம்பாளத்தில் ஊசி, சுத்தியல், சந்தனம் எல்லாம் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உமையாள் பல்லக்கிலிருந்து இறங்கினாள். இடுப்பில் குழந்தை. பல் முளைக்கிற பருவம். வாயிலிருந்து எச்சில் வழிந்து அம்மாவின் தோள்பட்டை நனைந்திருந்தது. தன் கை, அம்மாவின் சங்கிலி, ஆசாரியின் துண்டு, எது கிடைத்தாலும் வாய்க்குள்தான்.

ராஜா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனார். "உமையா! வா, வா. அந்தக் குட்டியை இப்படிக் கொடு."

உமையாள் கொடுக்கவில்லை. "மகாராஜா சௌக்கியமா?" என்றாள்.

அண்ணா இல்லை, மகாராஜா. நீட்டின கை அப்படியே கீழே இறங்கியது.

"சௌக்கியம்" என்றார் ராஜா. வேறு என்ன சொல்வார்?

"காசு?"

திருமேனிநாதர் வெள்ளித்தட்டை ஏந்தி வந்தார். தட்டு நிறையக் காசுகள், கண் கூசுகிறது. ராஜாவுக்கே துணுக்கென்றது. "என்னய்யா இது? அப்பாவின் காசு எங்கே?"

"அதேதான் மகாராஜா. ராஜ மரியாதைக்கு ஏற்றபடி சீர் செய்துவிட்டோம். ஓட்டை, அழுக்கு ஒன்றும் கிடையாது. இப்போது எல்லாம் முதல் தரம். வேம்பனார் எடுத்துக் கொடுக்கலாம். இல்லை, காசே கூப்பிடுமோ?"

வேம்பன் தட்டை எட்டிப் பார்த்தான். அவன் நம்பியிருந்தது ஓட்டையையும் வெளுப்பையும்தான். இரண்டும் இல்லை. எல்லாம் ஒரே பளபளப்பு.  'மூட்டைக்குப் பழைய வேட்டி போதுமா, போர்வை வேண்டுமா' என்றுகூட யோசித்துவிட்டான். அப்புறம் காலடியில் கிடந்த கருங்கல் தளத்தைப் பார்த்தான். மாசிலாமணியைப் பார்த்தான். மாசிலாமணி தூணைப் பார்த்தார்.

"ஐயா நோட்டக்காரரே, காசு நல்லதா கெட்டதா என்று கேட்க நீங்கள் கல்லில் போட்டுப் பார்ப்பீர்கள் அல்லவா?"

"ஆமாம்..."

"கேட்பது என்றாலே எதிரில் ஒருவர் பேச வேண்டுமே. சரி, நானும் கேட்கிறேன். எல்லோரும் கொஞ்சம் மூச்சுவிடாமல் இருங்கள்."

முதல் காசைக் கல் தளத்தில் போட்டான். ணங்ங்... என்று கோயில் மணி மாதிரி ஓடியது ஓசை.

"இது மயில் காசு, 'எனக்கொன்றும் குறையில்லை' என்கிறது." இன்னொன்று. ணங்ங்... "இதுவும் அப்படியே." அடுத்தது. ணங்ங்... குழந்தை ஒவ்வொரு சத்தத்துக்கும் காலை உதைத்துச் சிரித்தது. திருமேனிநாதரும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். தட்டில் காசு குறையக் குறைய வேம்பனுக்கு வேர்த்தது.

டொக்.

நனைந்த கட்டையில் தட்டின மாதிரி ஒரு சத்தம். குழந்தை சிரிப்பதை நிறுத்திவிட்டது.

"பேசிவிட்டது மகாராஜா!"

"என்ன பேசிற்று? டொக் என்றது!"

"பின்னே? வாயை அடைத்தால் யார்தான் தெளிவாகப் பேச முடியும்? இதன் ஓட்டையில் வேறு வெள்ளியை வைத்து அடைத்திருக்கிறார்கள். அதனால்தான் நாதம் ஓடவில்லை. வேண்டுமானால் நோட்டக்காரரையே கேளுங்கள்."

எல்லோரும் மாசிலாமணியைப் பார்த்தார்கள். அவர் தலை குனிந்தது.

வேம்பன் அந்தக் காசை ஆசாரியின் எதிரே வைத்தான். "ஆசாரியாரே, குழந்தைக்கு முன்னால் இந்தக் காசுக்குக் காது குத்துங்கள். பழைய ஓட்டைதான், தூர்ந்துபோய்விட்டது. வலிக்காமல் தட்டுங்கள். இதுவரை இரண்டு பேர் சேர்ந்து மகாராஜாவுக்குக் காது குத்திக்கொண்டிருந்தார்கள், அது போதும்."

ஆசாரி ஆணியை வைத்துச் சுத்தியலால் ஒரே தட்டு. மிளகு அளவு வெள்ளித் துணுக்கு தெறித்து ஓடியது. காசைக் கல்லில் போட்டார். இப்போது நாதம் வந்தது. மற்றதைவிடச் சன்னமாக, நடுங்கிக்கொண்டு வந்தது.

உமையாள் அதைப் பொறுக்கினாள். ஓரத்தை விரலால் தடவினாள். அரம் முழுக்க எடுக்கவில்லை. சின்னதாக ஒரு பள்ளம் மிச்சமிருந்தது.  காசைக் குழந்தையின் இடுப்புக்கு நேரே பிடித்தாள். அப்போதுதான் மற்றவர்களுக்குப் புரிந்தது, அது அரைஞாணில் கோத்த காசு.

"யாருடையது?" என்று கேட்டார் ராஜா. குரல் இறங்கியிருந்தது.

"உனக்குத் தெரியும் என்று அப்பா சொன்னாரே. நிஜமாகவே தெரியவில்லையா?"

"அம்மன் சத்தியமாகத் தெரியவில்லை உமையா."

"எனக்குப் பல் முளைக்கிற சமயமாம். ராத்திரி பகலாக ஒரே அழுகையாம். தங்கக் கிலுகிலுப்பை கொடுத்தார்களாம், எறிந்தேனாம். நீ சின்னப் பையன். உன் அரைஞாணை இழுத்து அறுத்து, இந்தக் காசை என் வாயில் வைத்தாயாம். நான் கடித்துக்கொண்டே தூங்கிவிட்டேனாம். 'பொக்கிஷத்தில் இருந்து நான் கொடுத்தது ஒன்றும் பலிக்கவில்லை, பயல் இடுப்பில் இருந்ததை அறுத்துக் கொடுத்தான்' என்று அப்பா என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! உன்னிடம் சொன்னதே இல்லையா?"

ராஜா தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். முகம் சிவந்தது.

"அரைஞாணை அறுத்தேனா? அதற்கப்புறம் கோவணம் நிற்காதே! ஒரு நாள் சபை நடுவே எனக்குக் கோவணம் அவிழ்ந்து விழுந்தது, மந்திரி முதல் சேவகன் வரை சிரித்தார்கள், அப்பா மட்டும் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவமானம் மட்டும்தான் இத்தனை வருஷமாக ஞாபகம் இருக்கிறது. அது எதனால் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது!"

உமையாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "போண்ணா" என்றாள்.

அண்ணா என்று சொல்லிவிட்டாள். ராஜா சம்மணம் போட்டு மண்டபத்தில் சப்பென்று உட்கார்ந்தார். தாய்மாமன் மடி விரிந்தது. குழந்தையை அதில் உட்கார வைத்தாள். குழந்தை மாமனை ஏற இறங்கப் பார்த்தது. அம்மா கையிலிருந்த காசைப் பிடுங்கி நேரே வாய்க்குள் வைத்தது.

"அசல் நோட்டக்காரர் இவர்தான். கடித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்" என்றான் வேம்பன்.

ஆசாரி வலது காதில் குத்தினார். குழந்தை ஒரு வீல் கத்திவிட்டு, மறுபடி காசைக் கடித்துக்கொண்டது.

ராஜா நிமிர்ந்தார். "மாசிலாமணி, இப்போது விலை சொல்லும்."

மாசிலாமணி அருகே வந்து கைகட்டி நின்றார். "ஒரு முகத்தை அரைஞாண் கட்டின வயிறு தேய்த்திருக்கிறது. அதன்மேல் பெரிய மகாராஜாவின் கட்டைவிரல் தேய்த்திருக்கிறது. பல் குறி நாச்சியாருடையது. எதற்கு எவ்வளவு கழிவு போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. மகாராஜா, மற்றக் காசுகளின் விலையைத்தான் நேற்று ராத்திரி என் கையாலேயே தேய்த்துக் கொன்றேன்."

"ஒரு காசு பேசியது, ஒரு நோட்டக்காரர் வாயடைத்தார்" என்றான் வேம்பன். குரலில் கசப்பே இல்லை.

"வேம்பா, உன்னைப் போகச் சொன்னேனே, நீ பாட்டுக்குப் போயிருந்தால் என் கதி என்ன? என்ன வேண்டும், கேள்."

வேம்பன் குனிந்து தளத்தில் தேடினான். ஆணியால் தட்டினபோது தெறித்த வெள்ளித் துணுக்கைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "இது போதும் மகாராஜா."

"மிளகத்தனை இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?"

"காசின் வாயையே அடைத்த வெள்ளி இது. மகாராஜா எப்போதாவது என் வாயை அடைக்க நினைத்தால், பொக்கிஷத்துக்குச் செலவு வைக்காமல் நானே கொண்டுவந்துவிடுவேன்."

ராஜா சிரித்த சிரிப்பில் தொப்பை குலுங்க, மடி குலுங்க, மடியிலிருந்த குழந்தையும் குலுங்கியது.

"மகாராஜா, ஆடாதீர்கள்! இன்னொரு காது பாக்கி இருக்கிறது!" என்று கத்தினார் ஆசாரி.

"குத்தும், குத்தும்! வேம்பா, மிச்சக் காசெல்லாம் எனக்கு என்றுதானே அப்பா சொன்னார்? அத்தனையும் உனக்கு. விளக்கின காசு, விலை கொஞ்சம் மட்டம்தான்."

"பரவாயில்லை மகாராஜா. தொடாமல் வைத்தால் தானாகக் கறுத்துவிடும்."

"உன்னால் தொடாமல் இருக்க முடியுமா?"

"என்னால் முடியும். என் பெண்டாட்டிக்குத்தான் நான் ஜாமீன் நிற்க முடியாது."

இரண்டாவது காதும் குத்தி முடிந்தது. காதுக்கு அழாத குழந்தை, காசை வாங்கி அரைஞாணில் கோக்கப் போனபோதுதான் ஊரைக் கூட்டியது. கோத்து இடுப்பில் கட்டின பிறகுதான் ஓய்ந்தது. அன்றைக்கு ஊருக்கெல்லாம் விருந்து. பெரிய பெரிய அண்டா, தவலை, குத்துப்போணி எல்லாம் கரிபிடித்துக் கிடந்தன. அத்தனையையும் யார் விளக்கினார்கள் என்று கேட்பீர்கள். புளியும் சாம்பலும் முதல் நாளே யார் கையில் இருந்ததோ, அவர்கள்தான். மாசிலாமணி வாயைத் திறக்காமல் தேய்த்தார். திருமேனிநாதர் தேய்த்ததுதான் அதிகம் பளபளத்ததாம்.